வெள்ளிக்கிழமைச் சட்டியும் கருவாட்டுப் படங்கும்

போன மாதம் துவாரகன் வீட்டுக்கு வந்தான். எங்கள் ஆரையம்பதி ஆள்தான். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், குளிரூட்டிய பெரிய லொறி ஓட்டுகிறான். கதிரையில் இருந்ததும் இராததுமாகக் கைபேசியை எடுத்தான்.

"மாமா, லொறி ஓடுற நாங்க கொஞ்சப்பேர் சேர்ந்து ஒரு குழு வச்சிரிக்கம். எந்த ஊர்ல எந்தக் கடையில சாப்பாடு நல்லம், போற வழியில எதைப் பாக்கலாம் எண்டு அதில எழுதிப் போடுற. நீங்க ஓடாத ரோட்டா? சொல்லுங்க, நான் எழுதுறன்."

"முதுகு நோகுது மனே. இருந்து கதைக்க ஏலாது. நான் ஆறுதலா எழுதித் தாறன்."

"நீட்டிப் போடாதீங்க மாமா. ஊர், கடைட பேர், என்ன கறி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். பழைய கொப்பி ஒன்றை எடுத்து, திருநீறு பூசிக்கொண்டு, முருகனை நினைத்து எழுதத் தொடங்கினேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். என் கையெழுத்து எனக்கே சில நேரம் விளங்காது. ஆனாலும் பட்டியல் நன்றாகத்தான் போனது, பிபிலை வரும்வரை. அங்கே பேனை நின்றுவிட்டது. அந்த ஒரு கடையை ஊர், பேர், கறி என்று மூன்று சொல்லில் எழுத எனக்குத் தெரியவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். துவாரகன் கோபித்தாலும் பரவாயில்லை.

தொழில் பழகிய கதையை நீட்ட மாட்டேன். ஆறு வருடம் கிளீனராக நின்றேன், டயர் கழற்றினேன், ஏச்சு வாங்கினேன், அனுமதிப்பத்திரம் எடுத்தேன். பிறகு ஏறாவூரில் இரண்டு லொறி வைத்திருந்த ஹாஜியாரிடம் சேர்ந்தேன். கால் மரத்துப்போய் பிரேக் மிதிக்க முடியாது என்று ஆகும்வரை அவரிடமே ஓடினேன்.

ஹற்றன் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்தோடு ஒட்டிய கடையில் தடித்த ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றிருக்கிறேன். குளிரில் நடுங்கிக்கொண்டு தின்றால்தான் அதற்கு ருசி. யாழ்ப்பாணத்தில் ஒடியல் கூழ் தந்தார்கள். முதல் தடவை வாயில் வைக்க முடியவில்லை, மூன்றாம் தடவை நானே இன்னொரு கோப்பை கேட்டேன். அம்பாந்தோட்டைப் பக்கம் போனால் எங்கள் தயிர்தான் நல்லது என்பார்கள். நான் வாதாடுவதில்லை. சோறு போடுகிற ஊரில் லொறிக்காரன் வாதாடக் கூடாது.

இடம் பார்ப்பதுதான் குறை. சிகிரியாக் குன்றை எத்தனையோ தடவை பார்த்தேன், எல்லாம் கீழே ரோட்டில் இருந்து. நுவரெலியாப் பாதையில் அருவி என்றால் எனக்குக் கண்ணாடிக்கு வெளியே ஒரு வெள்ளைக் கோடு. மரக்கறி வாடும், தயிர் புளிக்கும், மீனுக்குப் போட்ட ஐஸ் கரையும். சாமான் இறங்கிய பிறகு பார்க்கலாம் என்றால் அடுத்த சாமான் ஏறுவதற்குக் காத்திருக்கும்.

என் மனைவி பூமணி ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"என்னகா, இந்த முறை என்ன பாத்த நீங்க?"

"ரோட்டு."

"அதை இஞ்ச வாசல்ல நிண்டு நானும் பாக்கிறன்தானே."

செங்கலடியில் இருந்து பதுளைக்குப் போகும் பாதை ஹாஜியாரின் முக்கியப் பாதை. மகாஓயா, பிபிலை, லுணுகலை, அதற்குப் பிறகு மலை. இங்கிருந்து அரிசி, தயிர், கருவாடு போகும். அங்கிருந்து மரக்கறி வரும். அதே பாதையில் பிபிலைக்குக் கிட்ட, ஒரு வளைவு தாண்டினால், தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை. முன்னால் ஒரு தோடை மரம். பெயர்ப்பலகை கிடையாது. சோமாவதி அக்காவும் அவர் புருஷன் குணபால அண்ணனும் நடத்தினார்கள். சிங்களவர்கள்தான். அக்கா தமிழைப் பிய்த்துப் பிய்த்துப் பேசுவார். என் சிங்களமும் அப்படித்தான். அவருக்கு நான் மல்லி, அதாவது தம்பி.

நான் முதல் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளியில் நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொட மாட்டேன். கலியாணம் முடித்த நாளில் இருந்து அந்தப் பழக்கம். குரக்கன் ரொட்டியும், இளம் பலாக்காயைக் கறுக்க வைத்துச் சமைத்த கறியும் வைத்தார். ஒரு வாய் வைத்ததும் மாசித்தூள், அந்தக் காய்ந்த மீன் தூள், தட்டுப்பட்டது. கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ரொட்டியைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றேன்.

அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மல்லி, கறி நல்லம் இல்லையா?"

"நல்லம் அக்கா. இண்டைக்கு வெள்ளி. மாசி திங்க ஒண்ணா."

அடுத்த வெள்ளி நான் போனபோது ஒரு புதுச் சட்டி இருந்தது. மீன் படாத, மாசி படாத சட்டி. எனக்கென்று அதில் பலாக்காய் வைத்திருந்தார். மற்ற நாளில் அதைக் கழுவி உறியில் கவிழ்த்துவிடுவார். வளைவுக்கு வரும்போது நான் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பேன். அக்கா கறியைச் சூடு காட்டுவார். நான் இறங்கிக் கை கழுவ, தட்டு மேசையில் இருக்கும். கடைசியில் தித்திப்புக்குக் கித்துள் பாணி ஒரு கரண்டி. எத்தனையோ வருடம் அப்படி.

குணபால அண்ணன் வேறு மாதிரி. அவருக்குக் கருவாடு என்றால் உயிர். ஆரையம்பதிக் கருவாடு கொண்டுபோனால் பொதியைப் பிரிக்க முதல் மூக்கில் வைத்து இழுப்பார்.

"மல்லி, நீ சாமி ஆள். வெள்ளிக்கிழமையில கருவாடு கொண்டு வா, நீ சாப்பிட ஏலாது, எல்லாம் எனக்கு," என்பார்.

"இந்த மனிசன் செத்தாலும் கருவாட்டு வாசத்துக்கு எழும்பும்," என்பார் அக்கா.

அவர் செத்துப் போனார். நெஞ்சு வலி. நான் அடுத்த தடவை போனபோது செத்த வீட்டுக்குக் கட்டிய வெள்ளைக்கொடி மட்டும் நின்றது.

செத்து மூன்றாம் மாதம் பிக்குமாருக்குச் சோறு கொடுக்கும் தானத்துக்கு அக்கா என்னிடம் ஒன்று கேட்டார். வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"மல்லி, தானத்துக்கு உங்கட ஊர்த் தயிர் நாப்பது சட்டி கொண்டு வாங்க. அவர்ட ஆக்கள் எல்லாம் வாறது. ஹாமதுருமார் பன்னிரண்டு மணிக்குப் பிறகு சாப்பிட மாட்டாங்க. பதினொண்டுக்கு முன்ன வேணும்."

பிக்குமார் மத்தியானம் கடந்தால் சாப்பிடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். கோயிலில் பூசை நேரம் பிந்தினால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். "பத்தரைக்கு நிப்பன் அக்கா," என்றேன்.

இனி ஹாஜியாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவர் சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் "நல்லம்" என்பார். ஒரு தரம் சொன்னால் எச்சரிக்கை. இரண்டு தரம் சொன்னால் நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை. எனக்கு முன் இருந்த சாரதிக்கு இரண்டு தரம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கருவாடும் தயிரும் ஒரே லொறியில் ஏற்றும் தொழிலில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கருவாடு இறக்கினால் லொறிப் பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும், உப்பு வாவித் தண்ணீர் கூடாது. சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டுத் தும்பால் தேய்க்கவேண்டும். ஒரு முழுப் பகல் வெயிலில் கதவு திறந்து கிடக்கவேண்டும். பழைய வைக்கோலை எரித்துவிட்டுப் புது வைக்கோல் போடவேண்டும். சாமானுக்கு மேலே மூடும் தடித்த துணிப் படங்கையும் தனியாகக் கழுவி இரண்டு நாள் காயவிடவேண்டும். மண்சட்டி வாடையைக் குடிக்கும், சட்டியில் இருந்து தயிர் குடிக்கும்.

இவ்வளவும் செய்தபிறகுதான் கடைசிக் காரியம். வாடை போய்விட்டதா என்று மோந்து பார்க்கவேண்டும். பார்ப்பது நாங்கள் இல்லை. உன்னிச்சையில் இருந்து தயிர் கொண்டுவரும் சின்னப்போடி அண்ணன்தான் பார்க்கவேண்டும். மாடும் வயலும் குளமுமாக வாழ்கிற மனிதர். ஹாஜியார் அவரை லொறிக்குள் ஏற்றி வைக்கோல், பலகை, படங்கு எல்லாவற்றிலும் மூக்கை வைக்கச் சொல்வார்.

"ஏன் ஹாஜியார், எனக்கு மூக்கு இல்லையா?" என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"மூக்கு இரிக்கி மனே. அது ஆரையம்பதி மூக்கு. நீ பொறந்த வீட்டுக் கூரையில காஞ்சது கருவாடு. உனக்கு அது மணக்கவா போகுது? எனக்கும் மணக்கா. சின்னப்போடிக்குத்தான் மணக்கும்."

சிரித்தேன். விளங்கிக்கொள்ளவில்லை.

தானம் ஒரு வெள்ளிக்கிழமை. பதுளைக்குப் போகும் அரிசி மூட்டையோடு அக்காவின் நாற்பது சட்டியையும் ஏற்ற ஹாஜியார் சம்மதித்தார். அதற்கு முந்திய ஓட்டம் மொனராகலைக்குக் கருவாடு. பெட்டியை ஒழுங்குப்படி கழுவினேன், வைக்கோல் மாற்றினேன். அரிசிக்குப் புதுப் படங்கு இருந்தது. பழைய படங்கை, கருவாட்டுக்குப் போட்டதை, கழுவி வேலியில் ஒரு நாள் போட்டிருந்தேன். காய்ந்திருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

சட்டிகள் முதல் நாள் பின்னேரமே வந்து சேர்ந்துவிட்டன. வெள்ளி காலை ஆறு மணிக்குச் சின்னப்போடி அண்ணன் வந்து மோந்து பார்த்தபின் நான் கிளம்பவேண்டும். ஆறுக்குக் கிளம்பினாலும் பத்தரைக்குப் பிபிலை போகலாம். ஆனால் எனக்கு வேறு ஒரு எண்ணம் இருந்தது.

மகாஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அத்தனை வருடமும் அதற்கு வழி காட்டும் பலகையைத் தாண்டிப் போனேன், ஒரு நாளும் உள்ளே திரும்பியதில்லை. பூமணிக்கு முழங்கால் நோ. சுடுதண்ணி ஊற்றில் காலை வைத்தால் நோ போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அந்த ரோட்டாலதானே போறீங்க. ஒரு கேன் தண்ணி எடுத்து வர ஏலாதா? நீங்களும் ஒருக்கா முழுகினா அந்த முதுகுக்கு நல்லம்தானே," என்று எத்தனையோ மாதமாகக் கேட்டாள்.

அன்று நான் விடியுமுன் வந்து, சட்டிகளை அடுக்கி, யாருக்கும் காத்திராமல் கிளம்பினேன். ஹாஜியார் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார். அக்காவின் சட்டிகள் என்பதால் கூடுதல் கவனம் எடுத்தேன். தூசி படக்கூடாது என்று அந்தப் பழைய படங்கை இரண்டாக மடித்து, நாற்பது சட்டிக்கும் மேலே இறுக்கிக் கட்டினேன். முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டினேன். புறப்பட்டேன்.

ஊற்று நான் நினைத்ததுபோல இல்லை. சீமெந்துத் தொட்டி கட்டிய சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் கை வைக்க முடியவில்லை. பக்கத்துக் குழித் தண்ணீர் இளஞ்சூடு. வாளியால் அள்ளி முதுகில் ஊற்றினேன். அப்பனே, அந்தச் சுகத்தை என்னவென்று எழுதுவேன். பொழுது ஏறிக்கொண்டிருந்தது, சனம் இல்லை. என் தொழில் வாழ்க்கையில் நான் இறங்கி நின்று பார்த்த ஒரே இடம் அது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுவிட்டேன். லொறி நின்றது நிழலில் இல்லை. இரண்டாக மடித்த படங்கு வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கே பிபிலை போய்விட்டேன். வளைவில் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தேன். அக்கா வெள்ளைச் சேலையில் ஓடிவந்தார். வீடு நிறையச் சனம், பந்தல், பாய் விரித்துப் பிக்குமாருக்கு வெள்ளைத் துணி போட்டிருந்தது.

"அனே மல்லி, வந்திட்டீங்க!"

சட்டிகளை இறக்கினார்கள். குணபால அண்ணனின் தமக்கை முதல் சட்டியின் கடதாசியைப் பிரித்தார். குனிந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கரவல," என்றார்.

சிங்களத்தில் கருவாடு. அந்தச் சொல்லை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டாம் சட்டி, மூன்றாம் சட்டி. பிரிக்கப் பிரிக்க ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். நானும் குனிந்து மோந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தயிர் வாசம்தான் வந்தது. ஹாஜியார் சொன்னது அப்போதுதான் விளங்கியது.

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. ஒருவர் மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு ஓடி ஆறு சட்டி எடுத்துவந்தார். பிக்குமாருக்கு அது போதும். வந்த சனத்துக்கு இல்லை. தயிரில் ஊற்றுவதற்கென்று எடுத்துவைத்த கித்துள் பாணி ஒரு பெரிய பாத்திரத்தில் அப்படியே நின்றது. உறவுக்காரர் ஒருவர் எதையோ சொல்ல, "தெமள" என்ற சொல் காதில் விழுந்தது. தமிழன் என்று. அக்கா அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்காக அந்த மனிசி தன் வீட்டுத் தானத்தில் அப்படி நிற்கவேண்டி வந்ததே என்பதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. என் வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாசித்தூள் படாமல் பார்த்த மனிசி.

அக்கா என்னிடம் வந்தார். "மல்லி, சாப்பிட்டுப் போங்க."

"அரிசி இறக்க வேணும் அக்கா. சுணங்கும்."

பொய். பின்னேரம் இறக்கினால் போதும். நான் லொறியில் ஏறிவிட்டேன். கண்ணாடியில் அவர் கையில் கரண்டியோடு நிற்பது தெரிந்தது.

திரும்பி வந்து ஹாஜியாரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் படங்கை எடுக்கச் சொன்னார். முகத்தில் வைத்து நெடுநேரம் மோந்தார்.

"நல்லம்," என்றார்.

இரண்டாவது "நல்லம்" வரும் என்று நின்றேன். வரவில்லை.

"எனக்கும் மணக்கல்லடா மனே. அதான் பயம். அந்தப் பொம்புளைக்கிட்டப் போய்ச் சொல்லு."

தலையாட்டினேன். போகவில்லை.

பூமணி கேனைத் திறந்து பார்த்தாள். "இது பச்சத் தண்ணியா ஆறிப் போச்சேகா," என்றாள். ஆனாலும் மூன்று நாள் முழங்காலில் தேய்த்தாள். "கொஞ்சம் லேசுபோல இரிக்கு," என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்று இன்றுவரை சொல்லவும் இல்லை. இதை வாசித்துத்தான் அறிவாள்.

அதன்பிறகு நாலு மாதம் அந்த வளைவில் நான் ஹோர்ன் அடிக்கவில்லை. தோடை மரம் தெரியும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு லொறியை விட்டேன். லுணுகலையில் ஒரு பணிஸும் வெறுந்தேத்தண்ணியும். வெள்ளியானால் அதுவே சாப்பாடு. கோயிலுக்குப் போய் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கவேண்டிய ஆள் பிபிலையில் இருக்கிறார் என்பது அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வளைவு திரும்பினேன். ரோட்டின் நடுவே குடை பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். பிரேக் மிதித்தேன்.

"மல்லி, ஹோர்ன் பழுதா?"

"இல்ல அக்கா."

"அப்ப ஏன் அடிக்கிறது இல்ல? ஒவ்வொரு வெள்ளியும் பலாக்காய் வைக்கிறது. ஹோர்ன் இல்ல. லொறி மட்டும் போகுது. நான் கறி சூடு காட்டுறதா இல்லையா, எப்பிடித் தெரியும்?"

இறங்கினேன். கையைக் கட்டிக்கொண்டு, படங்கு, வெந்நீர் ஊற்று, மோந்து பார்க்காமல் வந்தது எல்லாம் சொன்னேன். தமிழ் பாதி, சிங்களம் பாதி. அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தயிர்ல ஒரு சட்டி அவர்ட படத்துக்கு முன்னால வச்சன். அவர்ட அக்கா ஏசினா. நான் சொன்னன், அவருக்குக் கருவாடு எண்டா எவ்வளவு ஆசை, அவர்தான் கேட்டு எடுத்திட்டார் எண்டு. எல்லாரும் சிரிச்சாங்க. மல்லி, அழுதுகொண்டு இருந்த வீட்டில அண்டைக்குத்தான் சிரிச்சது."

நான் கட்டியிருந்த கையை விட்டேன்.

"ஆனா எனக்குக் கோவம் இரிக்கு," என்றார். "அண்டைக்கு வெள்ளி. அவ்வளவு சனத்துக்குள்ள உங்கட சட்டியில தனியாச் சமைச்சு வச்சன். நீங்க தொடாமப் போனீங்க. அதுதான் கோவம்."

உள்ளே போய் இருந்தேன். உறியில் கவிழ்ந்த சட்டி இல்லை, அடுப்பில் இருந்தது. அன்று தின்றதுபோல நான் ஒரு நாளும் தின்றதில்லை. கண்ணீரும் கறியும் ஒன்றாகத்தான் இறங்கின.

அக்காவுக்கு இப்போது கண் தெரியாது என்று கேள்வி. கடையை மகள் பார்க்கிறாளாம். எனக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க முதுகு விடாது.

துவாரகனுக்கு நான் எழுதிக் கொடுப்பது இதுதான். பிபிலைக்குக் கிட்ட வளைவு, தகரக் கூரை, முன்னால் தோடை மரம், பலகை இல்லை. குரக்கன் ரொட்டி, இளம் பலாக்காய். வளைவில் இரண்டு தரம் ஹோர்ன் அடி. அக்காவிடம் என் பெயரைச் சொல்லு. எவ்வளவு அவசரம் என்றாலும், வைத்ததை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ.